நாட்டிங்ஹாம்: ஈயச் சிப்பாய்களின் ஊர்

நாட்டிங்ஹாம் என்றதும் பிள்ளைகளுக்கு ராபின் ஹுட் ஞாபகம் வரும். கிரிக்கெட் ரசிகர்களுக்கு டிரென்ட் பிரிட்ஜ் மைதானம். என் அப்பாவுக்கு அது ராலே சைக்கிளின் ஊர். எனக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது, தொழிற்சாலைக்குள் போய்ப் பார்க்க விடுவார்களா என்றுதான் முதலில் கேட்டார். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ராலே தன் கடைசிக் காலத்தில் இருந்தது. 2002-இல் அங்கே சைக்கிள் தயாரிப்பு நின்றே போனது. பிளேயர்ஸ் சிகரெட், பூட்ஸ் மருந்து, லேஸ் துணி என்று அந்த ஊர் உலகத்துக்கு அனுப்பிய சரக்குகளின் பட்டியல் நீளம். அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்க மறந்துவிடும் ஒன்று உண்டு: கட்டைவிரல் உயரம்கூட இல்லாத உலோகச் சிப்பாய்கள்.

மேசைமேல் போர் ஆடுகிறவர்கள் அந்த வட்டாரத்தை ‘லெட் பெல்ட்’ என்பார்கள். 1978-இல் பக்கத்து ஊரான நியூவார்க்கில் பிரையன் ஆன்செல் சிட்டடெல் மினியேச்சர்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். பின்னால் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனமே லண்டனை விட்டு இங்கே குடிவந்தது. அங்கே தொழில் பழகிய சிற்பிகளும் வார்ப்புக்காரர்களும் வெளியே வந்து சொந்தப் பட்டறை வைத்தார்கள். ஆன்செலின் வார்கேம்ஸ் ஃபவுண்ட்ரி, இரட்டையர்களான ஆலன், மைக்கேல் பெர்ரியின் பட்டறை, 2007-இல் வார்லார்ட் கேம்ஸ் என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்துக்கொண்டே போனது. ஊருக்குள் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் விரல் நகத்தில் பச்சை மாவு ஒட்டியிருந்தால் அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்க வேண்டியதில்லை.

அந்தப் பச்சை மாவுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று என இரண்டு நாடாவாக வரும் எபாக்ஸி பசையைப் பிசைந்தால் பச்சையாகும். வளைத்த கம்பிதான் உருவத்தின் எலும்பு. அதன்மேல் மாவை அப்பி, ஊசி முனையால் பொத்தானும் மீசையும் செதுக்குவார்கள். செதுக்கியதை ரப்பர் வட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, சூடேற்றி, அச்செடுப்பார்கள். அந்த வட்டைச் சுழலவிட்டு நடுத்துளையில் உருகிய உலோகத்தை ஊற்றினால், சுழல்கிற வேகம் அதை ஓரத்துக் குழிகளுக்குள் தள்ளிவிடும். ஆறியதும் பிரித்தால் சக்கரத்தின் ஆரங்களைப்போல வரிசையாகச் சிப்பாய்கள். 28 மில்லிமீட்டர் உயரம். பிசிறு நீக்கி, கறுப்போ வெள்ளையோ அடிப்பூச்சு கொடுத்து, முடிமெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டி, அடிக்கட்டையில் பசை தடவி மணல் தூவுவது வாங்குகிறவன் பாடு.

நான் ஆடிய கூடம் ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமானது. செங்கல் சுவர், உயரமான ஜன்னல்கள், மழை நாளில் ஈரக் கம்பளிக் கோட்டின் வாடை. வாரம் ஒரு சாயங்காலம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மடக்கு மேசைகளை ஒட்டிப் போட்டு, மேலே ஒட்டுப்பலகை பரப்பி, பச்சையோ மணல்நிறமோ ஒரு துணி விரித்துவிட்டால் போர்க்களம் தயார். வெள்ளைத் தெர்மாகோலைக் கத்தியால் சீவினால் குன்று. கேக் கடையில் அலங்காரத்துக்கு விற்கும் பிளாஸ்டிக் ஈச்சமரங்கள் பாலைவனச் சோலைக்கு. வாசலில் போடும் தேங்காய்நார் மிதியடியைத் துண்டு போட்டால் அறுவடைக்கு நிற்கும் வயல். கேரளத்திலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ கப்பலேறி வந்த நார், நாட்டிங்ஹாமில் ஆப்பிரிக்கச் சோளக்கொல்லையாக நின்றது. அதைப் பார்த்து முதலில் சிரித்தது நான்தான்.

படைகளைத் தச்சர்களின் கருவிப் பெட்டியிலும் மீன்பிடிப் பெட்டியிலும் கொண்டுவருவார்கள். பெட்டிக்குள் காந்தத் தகடு ஒட்டியிருக்கும், சிப்பாய்கள் உருளாமல் இருக்க. ஒரு மூலையில் பெரிய தேநீர்க் கொதிகலன், அதன் பக்கத்தில் சில்லறை போடும் டப்பா, கஸ்டர்ட் கிரீம் பிஸ்கட். வந்தவர்களில் வங்கி ஊழியர், பேருந்து ஓட்டுநர், வேதியியல் ஆசிரியர், படிப்பை முடிக்காமல் இழுத்துக்கொண்டிருந்த மாணவர்கள் எல்லாரும் இருந்தார்கள். உள்ளே நுழைகிறவரை, ‘எய் அப், மீ டக்’ என்று வரவேற்பார்கள். அந்தப் பக்கத்தில் ஆண், பெண், பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் அதே விளிதான். அக்டோபரில் கூஸ் ஃபேர் திருவிழா வந்தால் அந்த வாரம் ஆட்டம் சீக்கிரம் முடியும். கூட்டமாகப் போய், புதினாச் சாறு ஊற்றிய மசித்த பட்டாணியை நின்றபடி தின்றுவிட்டு வருவோம்.

இந்த ஆட்டத்துக்கு அவர்கள் நாட்டில் நல்ல வம்சாவளி உண்டு. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881-82 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் நோயோடு இருந்தபோது, மனைவியின் மகனோடு ஈயச் சிப்பாய்களை வைத்து நாள்கணக்கில் போர் ஆடியிருக்கிறார். 1893-இல் பிரிட்டன்ஸ் கம்பெனி உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்ததும் சிப்பாய் பொம்மை மலிந்து வீட்டுக்கு வீடு வந்தது. எச்.ஜி.வெல்ஸ் அந்தப் பொம்மைகளுக்கு விதி எழுதி 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகமாக்கினார். ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு எதிரியைச் சாய்ப்பதுதான் அவருடைய முறை. நிஜப்போரில் ஆசை உள்ளவர்கள் இதை ஆடிப் பார்த்துத் தெளியட்டும் என்பது அவர் வாதம். புத்தகம் வந்த மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. 1962-இல் சவுத்தாம்ப்டனில் பிசியோதெரபிஸ்டாக இருந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய ‘வார் கேம்ஸ்’ இந்தப் பொழுதுபோக்கைப் பெரியவர்களுடையதாக்கியது. 1964-இல் ‘ஸுலு’ திரைப்படம் வந்த பிறகு, காலனியப் போர்களுக்கென்றே தனிக்கூட்டம் சேர்ந்தது. சிவப்புக் கோட்டும் வெள்ளைத் தலைக்கவசமும் மேசைமேல் எடுப்பாகத் தெரியும் என்பதையும் மறுக்க முடியாது.

எங்கள் கூடத்தில் மாதத்துக்கு ஒரு சாயங்காலம் காலனிய மேசை. பெரும்பாலும் சூடான், சில நாள் ஸுலு, சில நாள் வடமேற்கு எல்லை. விதிகளுக்கு அமெரிக்கர் லாரி பிராம் 1979-இல் வெளியிட்ட ‘தி ஸ்வோர்ட் அண்ட் தி ஃபிளேம்’. சீட்டுக்கட்டில் சிவப்பு வந்தால் பிரிட்டிஷ் தரப்பு நகரும், கறுப்பு வந்தால் மறுதரப்பு. யார் எப்போது நகர்வார் என்று யாருக்கும் தெரியாது. தாயம் உருட்டி எத்தனை அங்குலம் நடப்பது என்று பார்க்க வேண்டும். டேப்பை நீட்டிக் குண்டு எட்டுமா என்று அளக்க வேண்டும். திட்டம் போடுவதில் கெட்டிக்காரர்கள் இந்த ஆட்டத்தில் மிகவும் அவதிப்படுவார்கள்.

இதில் எனக்கு உறுத்திய வழக்கம் ஒன்று இருந்தது. பல காலனிய ஆட்டங்களில் எதிர்த்தரப்புக்கு ஆளே கிடையாது. எல்லாரும் பிரிட்டிஷ் படையின் ஒவ்வொரு பிரிவை எடுத்துக்கொள்வார்கள். சூடானியர்களையோ பட்டாணியர்களையோ நடுவர் நடத்துவார். தாயத்தில் ஒரு எண் விழுந்தால் புதரிலிருந்து இத்தனை பேர் வருவார்கள், இன்னோர் எண் விழுந்தால் திரும்பி ஓடுவார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணத்திலும் நியாயம் இருந்தது. எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தெரியாமல் இருந்தால்தான் சுவாரஸ்யம் என்றார்கள். ஆனால் அப்படி ஆடும்போது மேசையின் ஒரு பக்கத்தில் மட்டும் மனிதர்கள் இருந்தார்கள். மறுபக்கம் பெருமழை, சூறைக்காற்று மாதிரி ஓர் இயற்கைச் சீற்றம்.

இதை அந்தக் கூடத்தில் முதலில் எதிர்த்தவர் நான் அல்ல. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, சுரங்கம் மூடியதும் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பாளராகச் சேர்ந்திருந்த ஒரு பெரியவர். கைகள் முரட்டுக் கைகள். அவர் தீட்டும் கண்விழிகளோ ஊசிமுனை அளவு. “எதிர்ல ஆள் இல்லாம ஆடுறது சண்டை இல்ல, சுட்டுப் பழகுறது” என்பார். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்தவர்கள் எங்கள் சுரங்கத்தையும் இப்படித்தான் கணக்குப் போட்டு மூடினார்கள் என்று ஒரே ஒருமுறை சொன்னார், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் எப்போதும் சூடானில் பிரிட்டிஷாரை எதிர்த்த மஹ்தியின் படையையே எடுப்பார். நான் போய்ச் சேர்ந்ததும் என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவருக்குப் பிடித்த சண்டை டோஃப்ரெக். 1885 ஜனவரியில் கார்ட்டூம் வீழ்ந்து ஜெனரல் கார்டன் கொல்லப்பட்ட பிறகு, செங்கடல் துறைமுகமான சுவாகினில் பெரும்படை ஒன்றை இறக்கியது லண்டன். மஹ்தியின் தளபதி ஓஸ்மான் டிக்னாவின் ஹாடென்டோவா மக்களை அடக்கிவிட்டு, அங்கிருந்து நைல் நதிக்கரையின் பெர்பருக்கு ரயில்பாதை போடுவது திட்டம். மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மேஜர் ஜெனரல் மெக்நீலின் பிரிவு சில மைல் உள்ளே போய் ‘ஸரிபா’ கட்டத் தொடங்கியது. ஸரிபா என்பது வேறொன்றுமில்லை, ராமநாதபுரம் பக்கம் ஆட்டுக்கிடைக்கு உடைமுள்ளை வெட்டிப்போட்டுக் கட்டுவோமே, அந்தப் பட்டிதான். நடுவில் ஒட்டகங்களுக்கும் சரக்குக்கும் பெரிய சதுரம், எதிரெதிர் மூலைகளில் துருப்புகளுக்குச் சிறிய சதுரங்கள். வேலி பாதி முடிந்திருந்தது. ஒரு கூட்டம் முள் வெட்டிக்கொண்டிருந்தது. பிற்பகலில் ஹாடென்டோவாக்கள் புதருக்குள்ளிருந்து எழுந்து பாய்ந்தார்கள். சுமார் 20 நிமிடச் சண்டை. வங்காளக் காலாட்படை ஒன்று நிலைகுலைந்தது. வெறிகொண்ட ஒட்டகங்கள் வரிசைகளைக் கலைத்தன. கடைசியில் மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகள் வென்றன. பெர்க்‌ஷயர் படைப்பிரிவுக்கு ‘ராயல்’ பட்டம் கிடைத்தது இந்த இருபது நிமிடத்துக்காகத்தான்.

இதை மேசையில் ஆடுவதற்குப் பெரியவர் தனி விதிகள் எழுதி வைத்திருந்தார். பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைப் பிய்த்துப் பழுப்பு அடித்தால் முள்வேலி. ஹாடென்டோவாக்கள் மேசைமேல் தெரியமாட்டார்கள். கவிழ்த்த அட்டைகளாக இருப்பார்கள். சில அட்டைகளுக்கு அடியில் ஆள் உண்டு, சிலவற்றில் ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் தரப்பு எதைச் சுடுவது என்று தவிக்கும். வேலைக்குப் போன பிரிவு ஒரு சுற்று முழுக்கத் துப்பாக்கி எடுக்கவே செலவழிக்க வேண்டும். சுவாகினில் குடிநீர் கடல்நீரைக் கப்பல்களில் காய்ச்சி இறக்கியது. அது ஒட்டகத்தின் மேல்தான் களத்துக்குப் போக வேண்டும். ஆகவே அவர் விதியில் தண்ணீர் ஒட்டகங்களுக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஹாடென்டோவாக்கள் அத்தனை பேரும் விழுந்தாலும், தண்ணீர் போய்விட்டால் மெக்நீல் தோற்றதாகக் கணக்கு. அந்த விதியில் நாங்கள் பலமுறை ஜெயித்தோம். சிவப்புச் சீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் அடுத்த மாதமும் ஆட வந்தார்கள்.

ஒரு நாள் அவர் நூலகத்திலிருந்து எடுத்த படைப்பிரிவு வரலாறு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். “உங்க ஊர்ப் பசங்க அங்க இருந்திருக்காங்க, மீ டக்.” முள் வெட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் குயின்ஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸின் ஒரு கம்பெனி இருந்தது. 1780-இல் தொடங்கிய பிரிவு. பாலம், பாதை, கிணறு, அகழி என்று மண்வேலையும் சண்டையும் சேர்த்துச் செய்தவர்கள். சென்னை மாகாணத்துத் தமிழர்களும் தெலுங்கர்களும், அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் நிறைய. இன்றைக்கும் பெங்களூரு அல்சூரில் இருக்கும் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் போர்ப் பெருமைகளில் ‘டோஃப்ரெக்’ ஒன்று. அந்தச் சாப்பர்களுக்குப் படையில் ‘தம்பி’ என்று பெயர். அதைப் படித்ததிலிருந்து பெரியவர் என்னை ‘டாம்பி’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

மெட்ராஸ் சாப்பர் உருவம் கடையில் கிடைக்கவில்லை. இந்தியக் காலாட்படைப் பொட்டலம் வாங்கி, தாடிகளை அரம் வைத்து ராவி, பச்சை மாவால் கையில் மண்வெட்டியும் அரிவாளும் செய்து வைத்தேன். எங்கள் கூடத்தில் இந்தியர் எல்லாருக்கும் ஒரே பழுப்பு டப்பாதான். நான் வெவ்வேறு பழுப்புகளைக் கலந்து ஆளுக்கொரு நிறம் கொடுத்தேன். அடுத்த சிக்கல் துப்பாக்கி. 1857-க்குப் பிறகு இந்தியப் படைகளுக்கு ஒரு தலைமுறை பழைய ஆயுதம் கொடுப்பதே வழக்கம். வெள்ளைச் சிப்பாய் மார்ட்டினி ஹென்றிக்கு மாறிய பிறகும் இந்தியச் சிப்பாய் பழைய ஸ்னைடரோடு நின்றான். எங்கள் விதித்தாளில் அது ‘இந்தியப் பிரிவு: ஒன்று கழிக்கவும்’ என்று ஒரே வரியில் இருந்தது. தாயம் உருட்டும்போதெல்லாம் என் சாப்பர்கள் அந்த ஒன்றைக் கழித்துக்கொண்டே சுட்டார்கள். அரசியல் முழுவதையும் ஒரு கழித்தல் குறிக்குள் அடக்கிவிட முடியும் என்று எனக்கு அந்த மேசைதான் காட்டியது.

அந்த ஆட்டத்தில் என் நிலைமை விநோதமானது. பெரியவரோடு சேர்ந்து ஓஸ்மான் டிக்னாவின் ஆட்களை நடத்துவது நான். முள்வேலிக்கு வெளியே குனிந்து முள் வெட்டிக்கொண்டிருப்பது நான் வண்ணம் தீட்டிய தமிழர்கள். என் கூட்டத்தின் ஈட்டி முதலில் பாய வேண்டியது அவர்கள்மேல்தான். தாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு சற்றே தயங்கியபோது பெரியவர், “அவங்க அங்க நிக்கணும்னு நீயா முடிவு பண்ணினே?” என்றார். உருட்டினேன்.

கோடையில் எல்லாருமாக நியூவார்க் பக்கம் கெல்ஹாம் ஹாலில் அப்போது நடந்த ‘பார்ட்டிஸன்’ கண்காட்சிக்குப் போவோம். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஓட்டலைக் கட்டிய ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் கட்டிய செங்கல் மாளிகை அது. நடுவில் சில காலம் துறவிகளின் இறையியல் கல்லூரியாக இருந்ததால் பெரிய குவிமாடத்தோடு ஒரு பிரார்த்தனைக் கூடமும் உண்டு. அந்தக் குவிமாடத்துக்கு அடியில் நைல் நதி ஓடும், பிரஷ்யப் படை அணிவகுக்கும், ஸுலுக்கள் குன்றேறுவார்கள். மார்க் காப்பிள்ஸ்டோன் ஃபவுண்ட்ரிக்காகச் செதுக்கிய ‘டார்க்கஸ்ட் ஆப்பிரிக்கா’ வரிசையை நான் அங்கேதான் நிதானமாகப் பார்த்தேன். தலையில் பெட்டி, தோளில் தந்தம் என்று சுமைதூக்கிகளையும் வார்த்திருந்தார்கள். யாராவது ஒருவர் சுமந்தால்தான் படை நகரும் என்பதை ஒத்துக்கொண்ட பொம்மைகள் அவை.

எல்லாவற்றையும் மேசை ஒத்துக்கொள்ளவில்லை. டோஃப்ரெக்கில் ஒட்டகக்காரர்களும் சமையற்காரர்களும் நிறையச் செத்தார்கள். எங்கள் ஆட்டத்தில் அவர்களுக்கு உருவமும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. இத்தனை ரத்தத்துக்குப் பிறகு அந்த ரயில்பாதை என்ன ஆனது? சுமார் 20 மைல் தண்டவாளம் போட்டதும், அதே ஆண்டு லண்டன் மனம் மாறித் திட்டத்தையே கைவிட்டது. ஓஸ்மான் டிக்னா 1900 வரை பிடிபடவே இல்லை. 1926-இல் முதுமையில் இறந்தார். ஆட்டம் முடிந்து சிப்பாய்களைப் பெட்டியில் அடுக்கும்போது பெரியவர் இவற்றைச் சொல்லுவார். மேசையில் ஜெயித்தவர்கள் முகம் கொஞ்சம் சுருங்கும்.

நான் ஊர் திரும்பிய பின் அந்தக் கூடத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பெரியவரும் இப்போது இல்லை. சாப்பர்கள் என்னிடம் இருக்கிறார்கள், அரிவாளில் வண்ணம் உரிந்து.

அவர்களைப் பார்க்கும்போது ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நம்மிடமும் முள்வேலிச் சண்டை ஒன்று இருக்கிறது. 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை, 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் ஆட்களும் சில நாள்களில் மண்ணால் மறுபடி எழுப்பினார்கள். சுற்றிலும் முள்வேலி. மார்ச் 31-இல் நடந்த முதல் தாக்குதலில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தோற்றுப் பின்வாங்கியது. பீரங்கிகள் சேர்த்துக்கொண்டு வந்து மே 24-இல்தான் கோட்டையைப் பிடித்தது. அதில் சண்டையிட்ட கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் இதை எழுதி வைத்திருக்கிறார். வேலிக்கு உள்ளேயும் தமிழர்கள், கம்பெனிச் சிப்பாய்களாக வெளியேயும் தமிழர்கள். இதை நாம் மேடையில் வசனமாகக் கேட்டிருக்கிறோம். மதில் எவ்வளவு உயரம், பீரங்கி எங்கே நின்றது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, முதல் தாக்குதல் ஏன் தோற்றது என்று குனிந்து பார்த்ததில்லை. மேசை அதைப் பார்க்க வைக்கும்.

விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிற கைகளுக்கு ஒரு மண்கோட்டை பெரிய வேலை இல்லை. வரலாற்று ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால் ஒரு பள்ளிக்கூடத்தில் இதை நடத்திவிடலாம். அப்படி யாராவது செய்தால் ஒரே ஒரு வேண்டுகோள்: கோட்டைக்குள் இருப்பவர்களுக்கும், கம்பெனிக்கும், கம்பெனியின் தமிழ்ச் சிப்பாய்களுக்கும் தனித்தனியே பிள்ளைகளை உட்கார வையுங்கள். எந்தத் தரப்பையும் தாயத்திடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.